இறக்கு என்று சொல்ல ஒரு ஆள்

என் உடம்பில் விலா எலும்பு ஒரு துண்டு குறைவு. வலது பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, கட்டைவிரலை வைத்தால் பதிகிற மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. சின்னக் காஞ்சிபுரத்தில் யாருக்காவது நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போ என்று யாராவது சொல்லிவிட்டால், அந்த வீட்டார் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். மேல்துண்டை விலக்கிக் காட்டச் சொல்கிறார்கள். காட்டுகிறேன். பார்த்துவிட்டு, அங்கே போனால் எலும்பை உருவிவிடுவார்கள் போலிருக்கிறது என்று பயந்து, நேரே கஷாயம் போடப் போய்விடுகிறார்கள். என்ன நடந்தது என்று உட்கார்ந்து முழுதாகக் கேட்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. ஆகவே எழுதி வைக்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நான் பெருமாளைச் சுமக்கிறவன். பெருமாள் வீதிக்குப் புறப்படும்போது அவரும் வாகனமும் நிற்கிற பீடத்தின் அடியில் நீளமான தண்டுகள் போகும். அந்தத் தண்டுகளைத் தோளில் தாங்குவது எங்கள் வம்சத்து வேலை. முன்தண்டில் வலப்பக்கத்து இடம் என் தகப்பனார் நின்ற இடம். அவருக்குப் பிறகு எனக்கு வந்தது. எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. வைகாசிக் கருட சேவைக்குத் தோள் கொடுக்காதவனுடைய இடம் அடுத்த பங்காளிக்குப் போய்விடும். போனது திரும்பாது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தூக்கு, நில், மாத்து, இறக்கு என்று குரல் கொடுக்க ஒரே ஒருவர்தான். எங்கள் காலத்தில் அது என் சித்தப்பா. அவர் குரல் வராமல் தண்டிலிருந்து தோளை எடுக்கக் கூடாது. சுமையை அடுத்தவன் தோளுக்கு மாற்றச் சொல்லித் தானாக "மாத்து" என்று கேட்டவனுக்குத் 'தோள் போனவன்' என்று பெயர் விழும். அந்தப் பெயர் பேரன் காலம் வரைக்கும் கூட வரும்.

ஐப்பசி மாதத்துப் புறப்பாடு ஒன்றில் நல்ல மழை. பெருமாளுக்குக் குடை உண்டு, எங்களுக்கு ஏது? நனைந்த வேட்டியோடு நின்றது நின்றபடி பாசுரம் முடிகிற வரையில் நின்றோம். வீட்டுக்கு வந்ததும் குளிர் தூக்கிப் போட்டது. மிளகுக் கஷாயம், நொச்சி இலை வேது, தொண்டையில் சூடு வைக்காத குறை. காய்ச்சல் இறங்கவில்லை. வலது பக்கம் விலாவில் கத்தி சொருகின மாதிரி வலி. மூச்சைப் பாதிக்கு மேல் இழுக்க முடியவில்லை. என் சம்சாரம் ரங்கம்மா அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. ஒற்றை மாட்டு வண்டி பிடித்து என்னைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். வழி நெடுக நான் அவளைத் திட்டிக்கொண்டே போனதாகச் சொல்கிறாள். எனக்கு நினைவில்லை, ஆனால் திட்டியிருப்பேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிறது இருக்கிறதே, அதைவிட மழையில் சுமை தாங்குவது மேல். பக்கத்தில் ஒருவன் இருமினால், இது என்ன இருமலோ என்று தோன்றும். நான் இருமினால் அவன் நகர்ந்து உட்காருவான். டாக்டர் நடுவயதுக்காரர், வெளியூர், முகத்தில் சிரிப்பே கிடையாது. என் மார்பில் ஒரு விரலை வைத்து மற்றக் கை விரலால் தட்டினார். இடப்பக்கம் காலிப் பானையைத் தட்டின சத்தம். வலப்பக்கம் நிறைகுடத்தைத் தட்டின சத்தம். எனக்கே வித்தியாசம் கேட்டது.

பிறகு தோள்பட்டையைத் தடவினார். அங்கே அவர் விரல் நின்றுவிட்டது. தண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எங்கள் தோளில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு காய்ப்பு உண்டாகும். அவர் அதை அழுத்திப் பார்த்து, உதவி டாக்டரைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வெட்டுவது என்கிற பேச்சு எந்தப் பாஷையில் வந்தாலும் நோயாளிக்குப் புரிந்துவிடும். ஐயா, அது கட்டி இல்லை, என் தொழில், அதைத் தொட்டுவிடாதீர்கள் என்று நான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவருக்கு விஷயம் விளங்க நேரமாயிற்று. விளங்கினதும் ஒருமுறை அதை மரியாதையாகத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

எனக்கு வந்தது இதுதான். நிமோனியா என்கிற நுரையீரல் காய்ச்சல் முதலில் வந்திருக்கிறது. நுரையீரலைச் சுற்றி இரண்டு அடுக்காக மெல்லிய தோல் உண்டாம். அந்த இரண்டு அடுக்குக்கும் நடுவில் சீழ் கோத்துக்கொண்டுவிட்டது. சீழ் இடத்தைப் பிடித்துக்கொண்டால் நுரையீரல் விரிய இடம் ஏது? ஊசி போட்டு இழுத்துக் காட்டினார். பழைய மோர் நிறத்தில் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு பயம் இருந்தது. க்ஷயமாக இருக்குமோ என்று என் சளியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்க அனுப்பியிருந்தார்கள். க்ஷயம் என்றால் என் இடம் மட்டுமில்லை, எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே தெருவில் தொட மாட்டார்கள். பதில் வருகிற வரைக்கும் ரங்கம்மா என் கட்டிலின் கால்மாட்டை விட்டு நகரவில்லை. இல்லை என்று தெரிந்த பிறகுதான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். கண்ணில் தூசி என்றாள். நானும் தூசி என்றே வைத்துக்கொண்டேன்.

சீழ் வெளியே வர வழி வேண்டும். அதற்காக விலா எலும்பில் ஒரு துண்டை நறுக்கி எடுத்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை, மூச்சு தாங்காதாம். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. வலி தெரியவில்லை, சத்தம் தெரிந்தது. பெரிய பாக்குவெட்டியால் கொட்டைப் பாக்கு நறுக்கின சத்தம், என் உடம்புக்குள்ளிருந்து. இன்றைக்கும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பாக்கு நறுக்கினால் எழுந்து போய்விடுவேன். துளையில் ரப்பர் குழாய் வைத்து, கட்டிலுக்கடியில் தண்ணீர் பாட்டிலில் அதன் நுனியை விட்டார்கள். நான் இருமினால் பாட்டில் கொப்பளிக்கும். சுருங்கின நுரையீரல் விரிய வேண்டும் என்று, ஒரு பாட்டில் தண்ணீரை ஊதி இன்னொரு பாட்டிலுக்கு ஏற்றச் சொன்னார்கள். பெருமாளையே தூக்கினவன் ஒரு பாட்டில் தண்ணீரைத் தூக்க முடியாமல் வியர்த்து விழுந்தேன்.

அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் வராது. ரங்கம்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கருட சேவையைப் பற்றிப் பேச்சு வந்தது. கருடன் மேல் பெருமாள் எப்படியிருப்பார் என்று அவளைக் கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். உண்மைதான், எனக்குத் தெரியாது. ஊர் ஊராகச் சனம் வந்து பார்க்கிற சேவை. எங்கள் வீட்டு ஆண்கள் அதைப் பார்த்ததில்லை. திரை விலகும்போது நாங்கள் தண்டுக்கு அடியில் குனிந்திருப்போம். புறப்பட்டுவிட்டால் முன்தண்டுக்காரனுக்குப் பெருமாள் முதுகுக்குப் பின்னால். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய கனம். அவள் சொல்லிக் கேட்டேன். கோபுர வாசல் தாண்டினதும் சூரியன் நேரே முகத்தில் விழுமாம், அப்போது சிரிக்கிற மாதிரி இருக்குமாம். சொல்லிக்கொண்டே வந்தவள், "இன்னா, தூங்கிட்டீங்களா?" என்றாள். தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சிரிப்பைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தேன்.

கார்த்திகை முடிகிற சமயம் குழாயை எடுத்துவிட்டு, துளையில் துணித்திரி மட்டும் வைத்தார்கள். உயிர் தங்கிவிட்டது. ஆனால் வலது கை தோள்மட்டத்துக்கு மேல் எழும்பவில்லை. அந்தப் பக்கத்து மார்பே இறுகிச் சுருங்கி, நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தேன். இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இல்லாதவன் தண்டுக்கு எதற்கு உதவுவான்? டாக்டரிடம் வைகாசியைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் காலை என்னை வார்டுக்குப் பின்னால் ஒரு அறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அது கட்டுத்துணிகளை அவிக்கிற அறை. பெரிய கொப்பரையில் வெந்நீர் எப்போதும் தளதளவென்றிருக்கும். கார்பாலிக் வாசனையும் ஆவியும், சுவரைத் தொட்டால் கதகதப்பு. வெளியே பனி மூக்கைக் கடிக்கும்போது உள்ளே சித்திரை மாதம். குளிர்காற்று பட்டால் இருமல் வரும், இருமினால் புண் இழுக்கும், இறுகின சதை சூட்டில்தான் கொடுக்கும் என்று காரணம் சொன்னார். தரையில் கம்பளியை மடித்துப் போட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்தச் சிரிக்காத மனிதர் தானே படுத்து ஆசனம் போட்டுக் காட்டினார். ஜட்கா வண்டியிலிருந்து விழுந்து இடுப்புப் பிடித்துக்கொண்டபோது கற்றுக்கொண்டாராம். கூட இருக்கிற டாக்டர்கள் கேலி செய்வார்களாம். வார்டில் என்னையும் சும்மா விடவில்லை. எப்போது காவி கட்டப்போகிறாய் என்று கேட்டார்கள்.

ஆசனம் என்றால் தலைகீழாக நிற்பது என்று நினைத்திருந்தேன். இது ஒன்றுமே செய்யாத மாதிரி இருந்தது. மல்லாந்து படுத்து, இழுக்கிற மூச்சை விலாவின் அந்த ஓட்டைப் பக்கமாக அனுப்ப வேண்டும். மூச்சு உள்ளே போகப் போகக் கை மெதுவாக மேலே ஏறணும். வெளியே வரும்போது கூடவே இறங்கணும். பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி நாலு காலில் நின்று முதுகை வளைக்கணும். எல்லாவற்றிலும் ஒரே விதி. "வலி வர்ற வரைக்கும் போகாதே. வலிக்கு முன்னாடி ஒரு இழுப்பு தெரியும். அங்கேயே இறங்கிடு" என்றார். மூச்சைப் பிடித்துத்தான் எங்களுக்கு எதையும் தூக்கத் தெரியும். மூச்சை விட்டுக்கொண்டே கையைத் தூக்குவது எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. ஆனால் கை ஒவ்வொரு நாளும் நூலளவு ஏறிற்று.

அப்போதுதான் தாமோதரன் பார்க்க வந்தான். சித்தப்பா மகன், என்னைவிட இளையவன், எனக்கு அடுத்த பங்காளி. என் இடம் போனால் அவனுக்குத்தான் போகும். அவன் கெட்டவனில்லை. கோயில் தீர்த்தமும் துளசியும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தான். கட்டிலில் உட்கார்ந்து என் தோளை வழக்கம்போல் பிடித்தவன், கையை எடுக்காமல் தடவிப் பார்த்தான்.

"காய் கரைஞ்சி போயிக்கினு இருக்குதே அண்ணா," என்றான்.

எனக்குத் தெரியாதா? தினமும் விடிந்ததும் முதல் வேலையாக அதைத்தான் தொட்டுப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் நெல்லிக்காயாகி, நெல்லிக்காய் வெறும் சதையாகிக்கொண்டிருந்தது. தைப் புறப்பாட்டுக்கு அப்பா தன்னை நிற்கச் சொல்லியிருக்கிறார் என்றும் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனான். அன்று முழுக்க நான் கஞ்சி குடிக்கவில்லை.

மறுநாள் காலை டாக்டருக்கு ஒரு பிரசவ கேஸ். நீயே மெதுவாகச் செய் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கொப்பரை அறையில் நான் மட்டும். உட்கார்ந்துகொண்டு கையைத் தூக்கினேன். இழுப்பு வந்தது, தாண்டினேன். வலி வந்தது, தாண்டினேன். என்றைக்கும் ஏறாத உயரத்துக்குக் கை ஏறிற்று. இதோ ஏறிவிட்டதே என்று அப்படியே நிறுத்தினேன். பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பார்கள். என் உடம்புக்கு இறக்கத் தெரியவில்லை. மண்டபத்தில் பெருமாள் நிற்கும்போது தோள் எரியும், தொடை நடுங்கும், கண் இருட்டும். இருந்தாலும் குரல் வருகிற வரையில் நிற்போம். வலி என்பது இன்னும் குரல் வரவில்லை என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த ஆவியில் நான் சித்தப்பா குரலுக்காகக் காத்திருந்தேன். விலாவில் சூடாக ஏதோ வழிந்தது. வியர்வை என்று நினைத்தேன்.

கஞ்சி கொண்டுவந்த ரங்கம்மாதான் என்னைக் கீழே கிடக்கக் கண்டாள். கம்பளி முழுக்க ரத்தம். ஆறிக்கொண்டிருந்த புண் உள்ளே கிழிந்துவிட்டது. அன்று சாயங்காலமே காய்ச்சல் ஏறிற்று. மறுபடி சீழ் கோத்துக்கொண்டது, மறுபடி குழாய், மறுபடி கட்டிலுக்கடியில் பாட்டில். இது வடியாவிட்டால் இன்னும் இரண்டு எலும்பை எடுக்க வேண்டியிருக்கும், அதை இந்த உடம்பு தாங்குமா என்று சொல்வதற்கில்லை என்று டாக்டர் ரங்கம்மாவைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவள் வந்து என்னிடம் அப்படியே சொல்லிவிட்டாள். மறைத்து வைத்துத் தனியாகச் சுமக்க அவளால் முடியவில்லை. செத்துப்போவேன் என்று அன்றுதான் முழுதாக நம்பினேன். இடத்தைப் பற்றிய கவலையெல்லாம் எங்கேயோ போயிற்று. இவளை யார் வண்டி ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்பது ஒன்றே மனசில் ஓடிற்று.

எலும்பை வெட்டாமலே சீழ் வடிந்தது. மெல்ல மெல்ல, பாட்டிலில் மஞ்சள் குறைந்து தண்ணீர் தெளிந்தது. காய்ச்சல் விட்ட அன்றைக்கு டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் வந்தது.

"வலிச்சுதுன்னா கையை இறக்க வேண்டியதுதானே? யாருக்காகக் காத்திருந்தே?"

"கொரல் வரலிங்களே," என்றேன்.

அவர் முகம் மாறிற்று. என்ன குரல் என்று கேட்டார். சொன்னேன். இறக்கு என்று ஒருவர் சொல்லாமல் இறக்கினது எங்கள் வம்சத்தில் இல்லை என்று சொன்னேன். பிறகு ரங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படின்னா இனிமே நீ குரல் குடு அம்மா. இவன் நெத்தி சுருங்கினாலோ, மூச்சு நின்னாலோ உடனே சொல்லிடணும்."

பெண்பிள்ளை குரல் கொடுப்பதா? அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் மறுபடி கொப்பரை அறைக்குப் போனபோது எனக்கு எதிரே கம்பளியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை, நானும் பார்க்கவிட்டதில்லை. முதல் நாள், "இறக்குங்க" என்று காதில் விழாத மாதிரி சொன்னாள். இன்னும் கொஞ்ச நாளில், "இறக்குங்கன்னா இறக்குங்க, இன்னா பாத்துக்கினு இருக்கீங்க" என்று வந்துவிட்டது. இத்தனை வருஷமாக எனக்கு உத்தரவு போடக் காத்திருந்தாயா என்று சீண்டினேன். ஆமாம் என்றாள். ஆவியில் அவள் முகமும் வியர்த்திருந்தது.

எத்தனை காலை அந்தக் கதகதப்பில் அப்படி உட்கார்ந்திருப்போம், கணக்கில்லை. அவள் சொல்லச் சொல்ல இறக்கினேன். ஒரு நாள், அவள் வாயைத் திறக்கும் முன்னாலேயே கை தானாக இறங்கிற்று. அந்த இழுப்பு எனக்கே தெரிந்துவிட்டது. அவள் எழுந்து கஞ்சியைக் கலக்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து மூச்சும் அந்த ஓட்டைப் பக்கம் தாராளமாகப் போக ஆரம்பித்தது. மாசி பிறக்கிற சமயம் வீட்டுக்கு அனுப்பினார்கள். சமையல்கட்டில் அடுப்பு எரியும்போது ஓரமாகக் கம்பளி போட்டு அங்கேயும் விடாமல் செய்தேன். குழம்பு தாளித்துக்கொண்டே அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

வைகாசி வந்தது. தோளில் காய்ப்பு இல்லை, ஆனால் இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருந்தன. நிற்கிறேன் என்று சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என் விலாவைப் பார்த்தார், சரி என்றார். ரங்கம்மா தடுக்கவில்லை. டாக்டரிடம் மட்டும் நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

அன்றைக்குக் கோபுர வாசலில் எள் போட்டால் விழாத கூட்டம். தண்டு தோளில் உட்கார்ந்தபோது காய்ப்பில்லாத சதையில் அது சுட்டது. கோபுரம் தாண்டினோம். மூச்சைப் பிடித்து வைக்காமல் நான் விட்டுக்கொண்டே நடந்தேன், பக்கத்தில் இருந்தவன் ஒரு மாதிரி பார்த்தான். சன்னதித் தெரு பாதி போயிருப்போம். விலாவுக்குள் அது வந்தது. வலி இல்லை. வலிக்கு முந்தின இழுப்பு. எனக்கு அது நன்றாகத் தெரியும். சித்தப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார், அடுத்த மண்டபம் வெகுதூரம், குரல் வரப்போவதில்லை. என் தகப்பனார் இந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் இன்னும் நூறு அடி நடந்திருப்பேன், அதற்கப்புறம் விழுந்திருப்பேன், என்னோடு முன்தண்டும் விழுந்திருக்கும்.

"மாத்து," என்றேன்.

என் குரல்தான். மேளச் சத்தத்திலும் அது கேட்டது. சித்தப்பா திரும்பிப் பார்த்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு தோள் தண்டுக்கடியில் நுழைந்துவிட்டது. தாமோதரன். வாசலிலிருந்தே தோளில் துணியை மடித்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் வெறுமனே நடந்து வந்திருக்கிறான். யாரும் அவனை வரச் சொல்லவில்லை. "வுடு அண்ணா, நான் கீறேன்," என்றான். விட்டேன். பெருமாள் அசையவில்லை.

தெரு பிறகு என்னென்னவோ பேசிற்று. தோள் போனவன் என்ற பெயரும் வந்தது. வந்தால் வரட்டும், தோள் இருக்கிறது. இப்போது அந்த இடத்தில் பாதி வழி நான், பாதி வழி அவன். சித்தப்பா அதைச் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தோன்றவேயில்லை. கூட்டம் என்னை முன்னால் கொண்டுபோய் ஓரத்துக்குத் தள்ளிற்று. எங்கிருந்தோ ரங்கம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "திரும்பிப் பாருங்க," என்றாள். திரும்பினேன். பெருமாள் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். குடைக்குக் கீழே சூரியன் நேரே முகத்தில் விழுந்திருந்தது. அவள் சொன்னது சரிதான், சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. இத்தனை வருஷம் கனமாக மட்டுமே தெரிந்தவருக்கு முகம் இருந்தது. மூச்சு உள்ளே போகப் போக என் இரண்டு கைகளும் தாமாக மேலே ஏறின. தலைக்கு மேல், முழுதாக, வலது கையும் இடது கையும் சமமாகக் கூப்பி நின்றேன். அவர் தாண்டிப் போகிற வரையில் அப்படியே நின்றேன். ரங்கம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்கு என்று அவள் சொல்லவில்லை.